நெஸ்லே கூட்டில் ஒரு குஞ்சு குறைந்தது ஏன்? லோகோக்களின் வெர்ஷன் கதை

மில்க்மெய்ட் டின், நெஸ்கபே பாட்டில், மேகி பாக்கெட். இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் சமையலறையில் இருக்கும். எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நெஸ்லே என்ற பெயரோடு சின்னதாக ஒரு பறவைக் கூடு தெரியும். கூட்டின் விளிம்பில் தாய்ப் பறவை, உள்ளே இரண்டு குஞ்சுகள். 1988க்கு முன்பு இதே கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்தன. தாயின் அலகில் ஒரு புழுவும் இருந்தது.

அந்தக் குஞ்சும் புழுவும் எங்கே போயின? இந்தக் கேள்விக்குக் கம்ப்யூட்டர் பத்திரிகையில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். வேலை இருக்கிறது. மசாலாப் பொடி, ஊறுகாய், இட்லி மாவு, கேக் என்று வீட்டிலேயே செய்து விற்பவர்கள் பலர். லோகோவையும் அவர்களே கம்ப்யூட்டரில் செய்து கொள்கிறார்கள். திரையில் பளிச்சென்று தெரிந்த லோகோ, ஸ்டிக்கராக அச்சாகி வரும்போது மங்கி, ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக நிற்கிறது. அதில் பணம் போகிறது. இரண்டு வருடம் கழித்து "புதுசாக இருக்கட்டுமே" என்று மொத்தமாக மாற்றினால், பழைய வாடிக்கையாளருக்கு நம் பாக்கெட் எது என்றே தெரிவதில்லை. அதில் வியாபாரமே போகிறது.

பெரிய உணவு நிறுவனங்கள் இந்த இரண்டு பிரச்னைகளையும் பல வருடங்களாகச் சந்தித்து வருகின்றன. சில ஜெயித்தன. சில அடி வாங்கின. அவை என்ன செய்தன என்று பார்த்துவிட்டு, நம் கம்ப்யூட்டரில் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருவோம்.

லோகோவுக்கும் வெர்ஷன் உண்டு

சாப்ட்வேர் எழுதுபவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. புதிய வெர்ஷன் வெளியிடும்போது, பழைய வெர்ஷனில் உருவாக்கிய பைல்களை அது திறக்க வேண்டும். இதைப் பேக்வேர்டு கம்பாட்டிபிலிட்டி என்பார்கள். புதிய வேர்டு புரோகிராம் வந்ததும் உங்கள் பழைய கடிதங்கள் எதுவும் திறக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? புதியதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழையதையே போட்டுக் கொள்வீர்கள்.

லோகோவும் அப்படித்தான். இங்கே பழைய பைல் என்பது வாடிக்கையாளரின் ஞாபகம். கடை அலமாரிக்கு முன்னால் நிற்பவர் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. நிறம், வடிவம், படம் இவற்றைக் கண் தேடுகிறது, கிடைத்ததும் கை நீள்கிறது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் பிராண்ட் அடையாளம். லோகோ அதில் ஒரு பகுதி மட்டுமே. புதிய லோகோ எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தப் பழைய ஞாபகத்தைத் திறக்கவில்லை என்றால் தோல்விதான்.

நெஸ்லேயின் ஐந்து வெர்ஷன்கள்

ஹென்ரி நெஸ்லே ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் 1814ல் பிறந்தவர். மருந்தாளுநர். சுவிட்சர்லாந்தில் வெவே என்ற ஊரில் குடியேறி, பால், கோதுமை மாவு, சர்க்கரை சேர்த்துக் குழந்தைகளுக்கான உணவு ஒன்றை 1867ல் தயாரித்தார்.

வெர்ஷன் 1, வருடம் 1868. நெஸ்லே என்ற சொல்லுக்கு அவரது குடும்பத்தின் ஜெர்மன் வட்டார வழக்கில் "சின்னக் கூடு" என்று பொருள். குடும்பச் சின்னத்திலும் கூடு இருந்தது. குழந்தை உணவு விற்கிறோமே என்று, அந்தக் கூட்டில் தாய்ப் பறவை மூன்று குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவது போல மாற்றி, அதையே வணிகச் சின்னமாக்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது என்ன பொருள் என்று புரிந்துவிடும். கூட்டுக்குப் பதிலாக சுவிட்சர்லாந்துக் கொடியின் சிலுவையைப் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னபோது நெஸ்லே மறுத்துவிட்டார். சிலுவையை யார் வேண்டுமானாலும் போட்டுக் கொள்ளலாம், என் குடும்பச் சின்னத்தை வேறு யாரும் போட முடியாது என்பது அவர் சொன்ன காரணம். இன்றைய டிரேட்மார்க் வக்கீலும் இதைத்தான் சொல்வார்.

வெர்ஷன் 2, வருடம் 1938. கூட்டுப் படத்துடன் நெஸ்லே என்ற பெயரும் சேர்ந்து ஒரே சின்னமாயிற்று.

வெர்ஷன் 3, வருடம் 1966. படம் எளிமையாக்கப்பட்டது.

வெர்ஷன் 4, வருடம் 1988. புழு போனது. மூன்று குஞ்சுகள் இரண்டாயின. நிறுவனம் குழந்தை உணவைத் தாண்டிப் பல பொருள்களுக்குப் போய்விட்டது, இரண்டு குழந்தைகள் உள்ள இன்றைய குடும்பத்துக்கும் இது பொருத்தம் என்பவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள்.

வெர்ஷன் 5, வருடம் 2015. கைபேசி போன்ற திரைகளில் தெளிவாகத் தெரிவதற்காகக் கோடுகள் இன்னும் எளிதாக்கப்பட்டன.

இப்போது இந்த ஐந்தையும் வரிசையாக வைத்து யோசியுங்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறியது. கூடும் தாய்ப் பறவையும் ஒரு முறைகூட மாறவில்லை. 1938ல் பார்த்துப் பழகிய ஒருவருக்கு 2015 லோகோவைக் காட்டினாலும் அடையாளம் தெரியும். அதாவது பழைய பைல் திறக்கிறது!

படம் ஏன் எளிமையாகிக் கொண்டே போகிறது?

இதற்கு ரசனை மட்டும் காரணமல்ல, கணக்கும் இருக்கிறது.

1868ல் லோகோ இருக்க வேண்டிய இடங்கள் கடிதத்தாள், டப்பாவின் லேபிள், கடைப் பலகை. செதுக்கி அச்சிடும் முறையில் மெல்லிய கோடுகள் நன்றாக விழும். ஒவ்வொரு இறகையும் வரையலாம். பிறகு செய்தித்தாள் விளம்பரம், டிவி, வெப்சைட், கைபேசி என்று இடங்கள் கூடிக் கொண்டே வந்தன.

1999ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 பிரவுசருடன் ஃபேவிகான் வந்தது. வெப்சைட் முகவரிக்கு அருகில் தெரியும் குட்டிப் படம்தான் அது. அதன் அளவு 16க்கு 16 பிக்ஸல். மொத்தம் 256 புள்ளிகள். அந்த 256 கட்டங்களுக்குள் ஒரு கூடு, ஒரு தாய், மூன்று குஞ்சுகள், ஒரு புழு, கிளை, இலைகள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்றால்? புழுவுக்கு ஒரு புள்ளிகூட முழுதாகக் கிடைக்காது. ஒரு பிக்ஸலைவிட மெல்லிய கோடு வந்தால், கம்ப்யூட்டர் அந்தக் கோட்டின் நிறத்தையும் பின்னணி நிறத்தையும் கலந்து ஒரே நிறமாகப் போட்டுவிடும். கறுப்புக் கோடு சாம்பல் கறையாகத் தெரிவது இதனால்தான்.

ஒரு ஆண்ட்ராய்டு ஆப் செய்யும்போது அதன் ஐகானை 48, 72, 96, 144, 192 பிக்ஸல் என்று பல அளவுகளில் கொடுக்கிறோம். பிளே ஸ்டோருக்குத் தனியாக 512 பிக்ஸல். ஒரே படம் இத்தனை அளவிலும் பிழைக்க வேண்டும். நுணுக்கம் அதிகமுள்ள படம் பெரிய அளவில் அழகாகவும் சின்ன அளவில் குப்பையாகவும் இருக்கும். எனவே டிசைனர்கள் முதலில் சின்ன அளவில் எது பிழைக்கிறது என்று பார்த்து, மீதியைக் கழிக்கிறார்கள்.

பழைய வெர்ஷனுக்குத் திரும்பிய பர்கர் கிங்

விண்டோஸ் எக்ஸ்பி 2001ல் வந்தபோது பட்டன்கள் எல்லாம் மிட்டாய் போலப் பளபளத்தது ஞாபகம் இருக்கிறதா? விஸ்டாவில் கண்ணாடி போன்ற ஜன்னல்கள் வந்தன. அந்தக் காலத்து லோகோக்களும் அதே பளபளப்பில்தான் இருந்தன.

அமெரிக்காவின் பர்கர் கிங் நிறுவனத்துக்கு 1969ல் ஒரு நல்ல லோகோ கிடைத்தது. மேலும் கீழும் ரொட்டித் துண்டுகள், நடுவே கறி இருக்க வேண்டிய இடத்தில் நிறுவனத்தின் பெயர். பெயரைப் படித்தாலே பர்கரைப் பார்த்தது போலிருக்கும். 1999ல் அதைச் சாய்த்து, ரொட்டிக்கு ஒளிப்பொட்டு வைத்து, சுற்றி ஒரு நீல வளைவும் போட்டார்கள். விற்கும் பொருளில் நீல நிறத்தில் எதுவுமே இல்லை!

பிறகு காற்று மாறியது. 2012ல் விண்டோஸ் 8, 2013ல் ஆப்பிளின் ஐஓஎஸ் 7 இரண்டும் பளபளப்பைக் கழற்றிவிட்டுத் தட்டையான வடிவங்களுக்கு வந்தன. பர்கர் கிங் 2021 ஜனவரியில் நீல வளைவைத் தூக்கிவிட்டு, 1969 லோகோவை ஒத்த தட்டையான லோகோவுக்குத் திரும்பியது. கூடவே ஃபிளேம் என்ற பெயரில் தனக்கென ஒரு ஃபான்ட், மாற்றிய பாக்கெட்டுகள், பணியாளர் உடை எல்லாம் வந்தன.

சாப்ட்வேர் பாஷையில் இதை ரோல்பேக் என்போம். பழைய வெர்ஷனைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் இது முடியும். மக்கள் மனதிலும் அது பத்திரமாக இருந்திருக்க வேண்டும்.

டிராபிகானா வாங்கிய அடி

2009ல் பெப்சிகோ நிறுவனத்தின் கையில் இருந்த டிராபிகானா ஆரஞ்சு ஜூஸ் அமெரிக்காவில் மிகப் பிரபலம். அதன் அட்டைப் பெட்டியில் ஒரு முழு ஆரஞ்சுப் பழம், அதில் நேராகச் செருகிய ஸ்ட்ரா. பழத்திலிருந்து நேரே வாய்க்கு என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் சொன்ன படம் அது.

2009 ஜனவரியில் இதை மாற்றினார்கள். பழமும் ஸ்ட்ராவும் போய், ஒரு கண்ணாடித் தம்ளரில் ஜூஸ் வந்தது. டிராபிகானா என்ற பெயர் செங்குத்தாகத் திரும்பியது. எழுத்தின் வடிவமும் மாறியது. தனியாகப் பார்த்தால் சுத்தமான, நவீனமான டிசைன்தான். கடை அலமாரியில்தான் வினை. மக்களின் கண் ஸ்ட்ரா செருகிய ஆரஞ்சைத் தேடியது, கிடைக்கவில்லை. ஏதோ மலிவான கடைச் சரக்குப் போலிருக்கிறது என்று பலர் புகார் செய்தார்கள். ஜனவரி 1 முதல் பிப்ரவரி 22 வரை விற்பனை சுமார் 20 சதவிகிதம் சரிந்ததாகக் கணக்கு வெளியானது. பிப்ரவரி மாதமே பழைய டிசைனுக்குத் திரும்பப் போவதாக நிறுவனம் அறிவித்துவிட்டது.

ஜூஸ் மாறவில்லை, பெயரும் அதேதான். ஆனால் படம், எழுத்து, எழுத்தின் திசை மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினார்கள். பழைய பைல் திறக்கவில்லை. நெஸ்லே பல வருட இடைவெளியில் ஒவ்வொன்றாக மாற்றியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

லோகோவால் முடியாத காரியம்

ஒன்றை மறந்துவிடக் கூடாது. 2015 ஜூன் மாதம், மேகி நூடுல்ஸில் ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாகச் சொல்லி, அதைத் திரும்பப் பெறும்படி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, மூன்று ஆய்வுக்கூடங்களில் மறுபடி சோதிக்கச் சொன்னது. அந்தச் சோதனைகளில் தேறிய பிறகு, நவம்பரில் மேகி மீண்டும் விற்பனைக்கு வந்தது. நெஸ்லே தன் கூட்டை அழகுபடுத்தியதும் இதே 2015ல்தான். விற்பனையை மீண்டும் தொடங்க வைத்தது ஆய்வுக்கூட அறிக்கை. கூட்டின் கோடுகள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. லோகோ என்பது கையெழுத்து மாதிரி. கையெழுத்து அழகாக இருப்பதால் செக் பாஸாகாது. கணக்கில் பணம் வேண்டும்.

இனி உங்கள் லோகோ

பொருள் நன்றாக இருக்கிறது, லோகோ மட்டும்தான் சரியில்லை என்றால், கீழே உள்ளவற்றை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம்.

1. வெக்டர் முறையில் வரையுங்கள். பெயின்ட் புரோகிராமில் வரைந்தால் படம் புள்ளிகளாகச் சேமிக்கப்படும். பெரிதாக்கினால் புள்ளிகளும் பெரிதாகும். படிக்கட்டு ஓரம் வருவது இதனால்தான். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 3 அங்குல ஸ்டிக்கருக்கு 900 பிக்ஸல் அகலம். உங்களிடம் இருப்பது 200 பிக்ஸல் ஜேபெக் என்றால் எந்த அச்சகமும் ஒன்றும் செய்ய முடியாது. வெக்டர் முறையில் கம்ப்யூட்டர் புள்ளிகளைச் சேமிப்பதில்லை. "இந்த இடத்தை மையமாக வைத்து, இவ்வளவு ஆரத்தில் ஒரு வட்டம்" என்று குறிப்பாகச் சேமிக்கிறது. விசிட்டிங் கார்டு அளவுக்கும் பத்தடி ஃபிளக்ஸ் பேனருக்கும் அதே பைல் போதும். இதற்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. பைலை எஸ்விஜி வடிவில் சேமியுங்கள்.

2. ஏற்கெனவே ஜேபெக் படமாக மட்டுமே லோகோ இருக்கிறதா? இங்க்ஸ்கேப்பில் அந்தப் படத்தை இம்போர்ட் செய்து தேர்வு செய்யுங்கள். பாத் மெனுவில் டிரேஸ் பிட்மேப் கட்டளையைக் கிளிக் செய்யுங்கள். படத்தின் ஓரங்களைக் கண்டுபிடித்து வெக்டராக மாற்றித் தரும். இரண்டு மூன்று நிறமுள்ள எளிய படத்துக்கு இது சரிவரும். போட்டோவுக்குச் சரிவராது.

3. எழுத்தை வடிவமாக மாற்றுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள தமிழ் ஃபான்ட் அச்சகத்தில் இல்லை என்றால், அங்கே திறக்கும்போது வேறு எழுத்தோ கட்டம் கட்டமாகவோ வரும். எழுத்தைத் தேர்வு செய்து, இங்க்ஸ்கேப்பில் பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள். கோரல்டிரா என்றால் கன்ட்ரோல் + க்யூ. இதற்குப் பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. எனவே மாற்றுவதற்கு முன் ஒரு நகல் சேமித்து வையுங்கள்.

4. குட்டிச் சோதனை செய்யுங்கள். லோகோவை 32 பிக்ஸல் அகலத்திலும் பிறகு 16 பிக்ஸல் அகலத்திலும் பிஎன்ஜி படமாக எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். நெல் கதிர், அடுப்பு, பானை, பாட்டி முகம், பெயர், ஊர், "தரம் எங்கள் தாரகம்" எல்லாம் இருந்தால் ஒன்றும் தெரியாது. எது இன்னும் தெரிகிறதோ அதுதான் உங்கள் கூடு. அதை மட்டும் வைத்து ஒரு சின்ன வெர்ஷன் செய்யுங்கள். வாட்ஸ்அப் புரொஃபைல் படத்துக்கு அதுவே சரி.

5. நிறத்தை நீக்கிப் பாருங்கள். பில்லிலும் ரப்பர் ஸ்டாம்பிலும் ஜெராக்ஸிலும் லோகோ ஒரே நிறத்தில்தான் வரும். நிறம் போனால் அடையாளமும் போகும் லோகோ பலவீனமானது. இதற்கு நம் கையிலேயே ஒரு பாடம் உண்டு. சைவ உணவுக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்றுதான் பாக்கெட்டுகளில் இருந்தது. நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகளில் அசைவக் குறி பழுப்பு முக்கோணமாக மாற்றப்பட்டது. நிறம் ஏமாற்றினாலும் வடிவம் காப்பாற்றும்.

6. நிறத்தை எண்ணாகக் குறித்து வையுங்கள். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது. இது ஆர்ஜிபி. அச்சில் நான்கு மைகளைக் கலக்கிறார்கள். இது சிஎம்ஒய்கே. திரையில் மின்னும் இளம் பச்சையும் ஆரஞ்சும் மையில் மங்கலாகத்தான் வரும். முதல் முறை அச்சிடும்போது புரூஃப் கேட்டுப் பாருங்கள். பிடித்த நிறம் வந்ததும் அதன் சிஎம்ஒய்கே எண்களை அச்சகத்தில் கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு அச்சகத்துக்குப் போனாலும் அவற்றைக் கொடுத்தால் ஏறக்குறைய அதே நிறம் கிடைக்கும்.

7. வாட்ஸ்அப்பில் அச்சகத்துக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

8. டிரேட்மார்க் பாருங்கள். இதே பெயரோ இதே போன்ற படமோ வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று டிரேட்மார்க் பதிவகத்தின் வெப்சைட்டில் தேடலாம். ஆயிரக்கணக்கில் பாக்கெட் அடிப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். பதிவு செய்தால் 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பித்துக் கொள்ளலாம்.

மாற்ற வேண்டிய நாள் வரும்போது

வியாபாரம் வளர்ந்தால் லோகோவை மாற்ற வேண்டிய நாள் வரத்தான் செய்யும். ஊறுகாய் ஜாடிப் படத்தோடு ஆரம்பித்தவர் பிறகு பொடியும் அப்பளமும் விற்கலாம். ஸ்டார்பக்ஸ் 2011ல் தன் லோகோவிலிருந்து காபி என்ற வார்த்தையையும் சேர்த்து எல்லா எழுத்துகளையும் எடுத்துவிட்டு, நடுவில் இருந்த கடல்கன்னியை மட்டும் வைத்துக் கொண்டது. அதற்குள் நாற்பது வருடம் ஆகியிருந்தது. பெயர் இல்லாமலே மக்களுக்குத் தெரியும் என்ற தைரியம் அதனால் வந்தது. புதிதாகத் தொடங்குபவர் பெயரை எடுக்கக் கூடாது.

மாற்றும்போது முதலில் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: படம், நிறம், எழுத்து. இவற்றில் வாடிக்கையாளர் உங்களை எதை வைத்து அடையாளம் காண்கிறார் என்று அவர்களிடமே கேளுங்கள். "மஞ்சள் மூடி போட்ட பாட்டில்தானே?" என்று ஒருவர் சொன்னால், லோகோவை விடவும் அந்த மஞ்சள் மூடிதான் உங்கள் சொத்து. அதைத் தொடாதீர்கள். மீதியில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பாக்கெட்டுகளும் ஸ்டிக்கர்களும் தீர்ந்த பிறகு மாற்றினால் பழைய சரக்கு வீணாகாது.

பழைய லோகோ பைலை அழித்துவிடாதீர்கள். வருடத்தைப் பெயரில் சேர்த்துத் தனி போல்டரில் வைத்து, பென் டிரைவிலும் ஒரு காப்பி எடுத்துக் கொள்ளுங்கள். பர்கர் கிங்குக்கு 1969 தேவைப்பட்டது 2021ல்.